குழந்தை ஏன் மலத்தை அடக்குகிறது? மலச்சிக்கலைப் புரிந்துகொண்டு சரிசெய்ய ஓர் எளிய விளக்கம்

குழந்தைக்கு மோஷன் போகவில்லை என்றதும் பெற்றோர் நாட்களை எண்ணத் தொடங்குகிறார்கள். நாட்களைவிட முக்கியமானவை இரண்டு: மலம் எவ்வளவு கெட்டியாக இருந்தது, வெளியேறும்போது வலித்ததா. மூன்று நாளுக்கு ஒருமுறை மெத்தென்று, சிரமமில்லாமல் போகிற குழந்தைக்கு மலச்சிக்கல் இல்லாமல் இருக்கலாம். தினமும் போனாலும், முகம் சிவக்க முக்கிச் சின்னச் சின்னக் கெட்டி உருண்டைகளாகப் போகிற குழந்தைக்கு மலச்சிக்கல் இருக்கிறது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதன் பின்னால் எந்த நோயும் இருப்பதில்லை. குடல் நன்றாகத்தான் இருக்கிறது. என்றோ ஒருநாள் மலம் போனபோது வலித்தது, அதனால் பயம் வந்தது, பயத்தால் குழந்தை அடக்கத் தொடங்கியது. அடக்கிய மலம் இன்னும் கெட்டியாகி மறுபடி வலித்தது. இந்தச் சுழற்சியைப் புரிந்துகொண்டால் சிகிச்சையின் ஒவ்வொரு படியும் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாகப் புரியும். புரியாவிட்டால், நல்ல மருந்தைக்கூடப் பாதியில் நிறுத்திவிடுவோம்.

எது இயல்பு?

பிறந்த முதல் வாரத்தில் ஒரு நாளைக்குச் சராசரியாக 4 முறை போகும். 2 வயதில் அது ஒன்று அல்லது இரண்டாகக் குறையும். 4 வயதுக்குமேல் பெரும்பாலான குழந்தைகள் தினம் ஒருமுறை போவார்கள். ஒரு நாளைக்கு 3 முறை போவதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை போவதும்கூட இயல்புதான்.

தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் கணக்கு தனி. முதல் சில வாரங்களில் ஒவ்வொரு முறை பால் குடித்ததும் போகும். 6 வாரம் தாண்டியபின் சில குழந்தைகள் ஒரு வாரம் வரைகூடப் போகாமல் இருப்பதுண்டு. பால் நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, வயிறு மென்மையாக இருக்கிறது, கடைசியில் போகும்போது மலம் இளகலாக இருக்கிறது என்றால் மருந்து வேண்டாம்.

இதே வயதில் பெற்றோரைக் கலங்கவைக்கும் இன்னொன்றும் உண்டு. 9 மாதத்துக்கு உட்பட்ட சில குழந்தைகள் பத்து நிமிடம், அதற்கு மேலும் அழுது, முக்கி, முகம் சிவந்து, கடைசியில் பார்த்தால் மெத்தென்ற மலத்தைத்தான் போயிருக்கும். இது மலச்சிக்கல் இல்லை. வயிற்றை அழுத்தும் அதே நேரத்தில் கீழே தசையைத் தளர்த்த வேண்டும் என்பதை உடல் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சில வாரங்களில் தானாகக் கற்றுக்கொள்ளும். ஆசனவாயில் எதையாவது நுழைத்துத் தூண்டிவிட்டால், அந்தத் தூண்டுதலுக்காகக் காத்திருக்கத்தான் பழகும்.

மலத்தின் தன்மையைக் குறித்துவைக்க மருத்துவர்கள் பிரிஸ்டல் அட்டவணையைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 7 வகைகள் உண்டு. முதல் வகை தனித்தனிக் கெட்டி உருண்டைகள். இரண்டாவது, உருண்டைகள் ஒன்றாகச் சேர்ந்த தடித்த கட்டி. இவை இரண்டும் மலச்சிக்கலின் அடையாளம். மூன்று, மேலே வெடிப்புகள் உள்ள நீள மலம். நான்கு, வழவழப்பான, மெத்தென்ற நீள மலம். ஐந்து, ஓரம் தெளிவான மெத்தென்ற துண்டுகள். ஆறும் ஏழும் கூழாகவும் தண்ணீராகவும் போவது. சிகிச்சை நடக்கும் காலத்தில் நாம் தேடுவது நான்கும் ஐந்தும். மூன்றாம் வகை பெரியவர்களுக்குச் சரி, ஆனால் ஏற்கெனவே பயந்துபோன குழந்தைக்கு அதுகூடக் கொஞ்சம் கெட்டிதான்.

மருத்துவர்கள் மலச்சிக்கல் என்று உறுதிசெய்யப் பார்ப்பவை இவை: வாரத்துக்கு 2 முறை அல்லது அதற்கும் குறைவாகப் போவது, அடக்கும் பழக்கம், வலியோடு அல்லது கெட்டியாகப் போவது, மிகத் தடிமனாகப் போவது (கழிப்பறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்கு), மலக்குடலில் பெரிய கட்டி தேங்கியிருப்பது, கழிப்பறைப் பழக்கம் வந்தபின்பும் வாரத்துக்கு ஒருமுறையாவது உள்ளாடையில் மலம் படுவது. இவற்றில் குறைந்தது இரண்டு ஒரு மாதமாக இருந்தால் மலச்சிக்கல் என்று சொல்வார்கள். ஆனால் ஒரு மாதம் முடியட்டும் என்று வீட்டில் காத்திருக்கத் தேவையில்லை. வலி தொடங்கிய வாரத்திலேயே கவனித்தால் வேலை மிகச் சுலபம்.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவின் மிச்சம் பெருங்குடலுக்குள் வரும்போது கூழாக இருக்கும். பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே அதைக் கீழே நகர்த்துகிறது. கடைசிப் பகுதியான மலக்குடலில் மலம் வந்து சேர்ந்ததும் அதன் சுவர் விரிகிறது. அந்த விரிவுதான் ‘ஆய் வருது’ என்ற உணர்வு. அப்போது உள்பக்கச் சுருக்குத்தசை தானாகவே தளர்ந்துவிடும். வெளிப்பக்கச் சுருக்குத்தசை மட்டும் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதைத் தளர்த்தினால் மலம் போகும், இறுக்கினால் மலம் மேலே தள்ளப்பட்டு உணர்வு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

வலித்த குழந்தை செய்வது இந்த இறுக்கலைத்தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘இன்று வலித்தாலும் நாளைக்குச் சரியாகும்’ என்று யோசிக்கத் தெரியாது. வலித்தது, இனி விடமாட்டேன், அவ்வளவுதான் அதன் கணக்கு. விடாத மலம் உள்ளேயே இருக்க, குடல் தன் வேலையைத் தொடர்ந்து செய்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. மலம் இன்னும் கெட்டியாகிறது, புதிதாக வருவதும் அதோடு சேர்ந்து பெரிதாகிறது. நான்கைந்து நாள் கழித்து அது வெளியே வரும்போது ஆசனவாயின் ஓரம் கிழிந்து வெடிப்பு உண்டாகலாம். மலத்தின் மேலோ துடைக்கும்போதோ தெரியும் சிவந்த ரத்தக் கோடு பெரும்பாலும் இந்த வெடிப்பிலிருந்து வருவது. குழந்தையின் பயம் நியாயமானது என்பதை அந்த ரத்தக் கோடே சொல்கிறது.

மாதக்கணக்கில் இப்படித் தேங்கினால் மலக்குடல் பெரிதாகிவிடும். பலமுறை இழுத்துத் தொய்ந்த எலாஸ்டிக் எப்படி இறுக்கத்தை இழக்கிறதோ, அப்படி அதன் சுவரும் இறுக்கத்தை இழக்கிறது. முன்பு சிறிய அளவு மலம் வந்தாலே உணர்வு வரும். இப்போது நிறையச் சேர்ந்தால்தான் வரும். அதனால்தான் சில குழந்தைகள், ‘எனக்கு வரவே இல்லை’ என்று சொல்லும்போது உண்மையைத்தான் சொல்கின்றன. மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்கி, உணர்வு திரும்பப் பல மாதங்கள் ஆகும். சிகிச்சை ஏன் நீண்டதாக இருக்கிறது என்பதற்கான காரணமும் இதுதான்.

முக்குகிறதா, அடக்குகிறதா?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. குழந்தை விரைத்து நிற்கும், நுனிக்காலில் நிற்கும், கால்களைப் பின்னிக்கொள்ளும், பின்பக்கத்தை இறுக்கிக்கொள்ளும், மூலையிலோ கதவுக்குப் பின்னாலோ போய் ஒளிந்துகொள்ளும், முகம் சிவக்கும், வியர்க்கும். பார்ப்பவர்களுக்கு அது முக்குவதாகத் தெரியும். உண்மையில் அது மலத்தை வெளியே விடாமல் அடக்கும் முயற்சி. முக்குகிற குழந்தை பொதுவாக உடலை வளைத்துக் குந்தும். அடக்குகிற குழந்தை உடலை நீட்டி விரைத்துக்கொள்ளும். இந்த வித்தியாசம் தெரிந்தால், ‘இவ்வளவு முக்கியும் வரவில்லையே’ என்று குடலைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டுக் குழந்தையின் பயத்தைக் கவனிக்கத் தொடங்கலாம்.

உள்ளாடையில் படும் மலம்

மலக்குடலில் பெரிய கட்டி அடைத்திருக்கும்போது, மேலிருந்து வரும் தண்ணீரான மலம் அதன் ஓரமாகக் கசிந்து வெளியே வரும். விரிந்துபோன மலக்குடலுக்கு இந்தக் கசிவு தெரியாது. குழந்தைக்கும் தெரியாது. ஒரு நாளில் பலமுறைகூட உள்ளாடையில் கறையாகவோ கூழாகவோ படும்.

இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து, போக்கை நிறுத்தும் மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். சோம்பேறித்தனம், வேண்டுமென்றே செய்கிறான் என்று நினைத்துத் திட்டினால் குழந்தை உள்ளாடையை ஒளித்துவைக்கத் தொடங்கும். பள்ளியில் கேலிக்கு ஆளாகும் குழந்தையின் நிலை இன்னும் வேதனையானது. 4 வயதைத் தாண்டிய குழந்தைக்கு இப்படி அடிக்கடி கசிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மலச்சிக்கலைத்தான். குழந்தையிடம் சொல்ல வேண்டியது ஒன்று: ‘இது உன் தப்பு இல்லை. உள்ளே நிறையச் சேர்ந்திருக்கிறது. அதைக் காலிசெய்தால் நின்றுவிடும்.’ கசிவுக்கு எந்தத் தண்டனையும் கூடாது, அமைதியாகக் கழுவி மாற்றிவிட்டால் போதும்.

பெரிதான மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப்பையையும் அழுத்தும். அடிக்கடி சிறுநீர் வருவது, படுக்கையை நனைப்பது, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று வருவது ஆகியவை மலச்சிக்கலோடு சேர்ந்தே இருப்பதுண்டு. மலச்சிக்கல் சரியானபின் இவையும் பல குழந்தைகளுக்குக் குறைகின்றன.

எப்போது தொடங்குகிறது?

பெரும்பாலும் மூன்று திருப்பங்களில்: பாலிலிருந்து திட உணவுக்கு மாறும்போது, கழிப்பறைப் பழக்கம் சொல்லிக்கொடுக்கும்போது, பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது. பள்ளிக் கழிப்பறை அசுத்தமாக இருந்தாலோ, கதவு பூட்டாவிட்டாலோ, வகுப்பு நடுவில் கேட்கத் தயங்கினாலோ குழந்தை அடக்கும். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்தபின் வரும் ஒரே ஒரு கெட்டி மலம்கூடப் போதும், சுழற்சி தொடங்கிவிடும். இரும்புச்சத்து மருந்து, கோடீன் கலந்த மருந்து, அலுமினியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்து, சில வலிப்பு மருந்துகள் ஆகியவையும் மலத்தைக் கெட்டியாக்கும். பால்மாவில் தண்ணீரைக் குறைத்துக் கரைப்பதும் ஒரு காரணம். டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் மாவு போடக் கூடாது, முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு மாவைச் சமமாக வழித்துப் போட வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கரும்பச்சை மலம் போகாத குழந்தை, முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கிய குழந்தை ஆகியவற்றைக் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். மலக்குடலின் சுவரில் நரம்பு அணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது, அதற்கு அறுவை சிகிச்சை வேண்டும். பச்சை நிற வாந்தி, இறுகி உப்பிய வயிறு, காய்ச்சலோடு வயிறு வீங்குவது ஆகியவை அவசரம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எடை கூடாமல் இருப்பது, வெடிப்பு இல்லாமலே மலத்தில் ரத்தம், எப்போதும் நாடாவாக மெலிந்து வரும் மலம், கால்களில் பலவீனம் அல்லது நடையில் மாற்றம், முதுகின் அடியில் முடிக்கற்றை அல்லது ஆழமான குழி, ஆசனவாய் வழக்கமான இடத்தில் இல்லாமல் இருப்பது ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது. சோர்வும் வளர்ச்சிக் குறைவும் சேர்ந்திருந்தால் தைராய்டு குறைபாட்டையும் கோதுமைப் புரதத்தால் தூண்டப்பட்டு உடலின் எதிர்ப்பாற்றலே குடலைத் தாக்கும் சீலியாக் நோயையும் சோதிப்பார்கள். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாத குழந்தைக்கு ரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரேயோ வழக்கமாகத் தேவைப்படாது. கேள்விகளும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுமே போதும்.

சிகிச்சையின் முதல் படி: காலிசெய்வது

உள்ளே கட்டி தேங்கியிருக்கிறதா என்பதை முதலில் மருத்துவர் முடிவுசெய்வார். கசிவு இருக்கிறது, வயிற்றின் கீழ்ப்பகுதியில் கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் பெரும்பாலும் தேங்கியிருக்கிறது. அதை எடுக்காமல் நார்ச்சத்தையும் பழத்தையும் கூட்டினால் அடைப்புக்கு மேல் இன்னும் சேரும், வயிற்று வலி கூடும். வீடுகளில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான்.

இன்று முதல் தேர்வாக இருக்கும் மருந்து பாலிஎத்திலீன் கிளைக்கால், மேக்ரோகால் என்றும் சொல்வார்கள். சுவையற்ற பொடியாகவும், உப்புகளும் சுவையும் சேர்த்த பொட்டலமாகவும் கிடைக்கிறது. அது ஏறத்தாழ ரத்தத்தில் சேர்வதே இல்லை. தான் கரைந்திருக்கும் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டு மலத்தோடு வெளியே போய்விடுகிறது. ஆகவே, சொன்ன அளவு தண்ணீரில் முழுதாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து ஊட்டினால் பலன் குறையும்.

தேங்கிய மலத்தை எடுக்கச் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்லும் அளவு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 கிராம், 3 முதல் 6 நாட்கள் வரை. 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஒரு நாளைக்கு 12 முதல் 18 கிராம். மருத்துவர் சொல்லாமல் இந்த அளவை வீட்டில் தொடங்கக் கூடாது. கணக்குப் புரிந்திருந்தால் ‘இவ்வளவு அதிகமாகவா?’ என்று பயந்து பாதி அளவாகக் குறைக்க மாட்டோம் என்பதற்காகவே இங்கே சொல்கிறோம்.

இந்த நாட்களில் கசிவு முதலில் கூடும், வயிறு முறுக்கும். கெட்டி உருண்டைகள், பிறகு கூழ், கடைசியில் கலங்கிய தண்ணீர் என்று வரும். முதல் நாளே தண்ணீராகப் போகிறதே என்று மருந்தை நிறுத்திவிட்டால் கட்டி உள்ளேயே இருந்துவிடும், ஏனென்றால் முதலில் வருவது ஓரமாகக் கசிந்த தண்ணீர். பள்ளி விடுமுறை நாட்களில் தொடங்குவது நல்லது. வாந்தி வந்தாலோ, வயிறு உப்பினாலோ, குடிக்க மறுத்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

எனிமாவும் இதே வேலையைச் செய்யும். ஆனால் ஆசனவாயை யாரும் தொடுவதற்கே பயப்படும் குழந்தைக்கு அது பயத்தை இன்னும் கூட்டும். வாய்வழி மருந்து பலிக்காதபோது மருத்துவமனையில் கொடுப்பதே நல்லது. பாஸ்பேட் எனிமா 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் உப்புகளின் அளவை அது ஆபத்தாக மாற்றிவிடும்.

இரண்டாம் படி: மலத்தை மெத்தென்றே வைத்திருப்பது

காலிசெய்த அடுத்த நாளே பராமரிப்பு மருந்து தொடங்க வேண்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்றால் ஒரு கிலோ எடைக்கு 0.4 கிராமில் தொடங்கி, 0.2 முதல் 0.8 கிராமுக்குள் ஏற்றி இறக்குவார்கள். அதே 12 கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 5 கிராம். அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ் சிரப், ஒரு கிலோவுக்கு 1 முதல் 2 கிராம். வழக்கமான சிரப்பில் 15 மில்லியில் 10 கிராம் இருக்கும். குடல் பாக்டீரியாக்கள் லாக்டுலோஸைப் புளிக்கவைப்பதால் வாயு கொஞ்சம் கூடும், சில நாட்களில் பழகிவிடும்.

அளவைச் சரிசெய்வது தினமும் மலத்தைப் பார்த்துத்தான். கெட்டியாக இருந்தால் மருத்துவர் சொன்ன எல்லைக்குள் கொஞ்சம் கூட்டலாம், தண்ணீராகப் போனால் கொஞ்சம் குறைக்கலாம். முழுதாக நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்பும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றம் செய்யுங்கள். தேதி, பிரிஸ்டல் எண், மருந்தின் அளவு, கசிவு உண்டா என்ற நான்கையும் ஒரு தாளில் குறித்துவைத்தால், மருத்துவருக்கு அதைவிடப் பயனுள்ள தகவல் வேறு இல்லை.

‘மருந்துக்குக் குடல் பழகிவிடாதா?’ என்ற கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் வரும். இந்த இரண்டு மருந்துகளும் தண்ணீரைப் பிடித்துவைப்பவை, குடலை அடிமையாக்குவதில்லை. மருந்தை நிறுத்தியதும் திரும்ப வருகிறது என்றால், பெரும்பாலும் மலக்குடல் சுருங்கும் முன்பே, பயம் மறையும் முன்பே நிறுத்திவிட்டோம் என்றுதான் பொருள்.

உட்காரும் முறை

சாப்பிட்டபின் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். அந்த அசைவைப் பயன்படுத்திக்கொள்ள, காலையும் இரவும் உணவு முடிந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள் உட்காரவையுங்கள். 5 முதல் 10 நிமிடம் போதும். வந்தாலும் வராவிட்டாலும் நேரம் முடிந்ததும் எழுந்துவிடலாம். அரை மணி நேரம் உட்காரவைப்பது தண்டனையாகிவிடும்.

மேற்கத்திய கழிப்பறை என்றால், கால் தொங்கினால் தசை தளராது. பாதங்கள் முழுதாகப் படியும்படி ஒரு முக்காலி வேண்டும், முட்டி இடுப்பைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்க வேண்டும், உடல் சற்று முன்னால் சாய்ந்து முழங்கைகள் தொடையில் ஊன்றியிருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் உள்ளே விழுந்துவிடுவோமோ என்று பயந்து இறுக்கிக்கொள்ளும். அவர்களுக்குச் சின்ன வளையம் பொருத்திய இருக்கை வேண்டும். முக்கச் சொன்னால் குழந்தை பெரும்பாலும் கீழேயும் சேர்த்து இறுக்கிக்கொள்ளும். அதற்குப் பதில் பலூனை ஊதச் சொல்லுங்கள், சோப்புக் குமிழி விடச் சொல்லுங்கள். ஊதும்போது வயிறு தானாக அழுத்தும், அடித்தசை தளரும்.

உட்கார்ந்ததற்குப் பாராட்டுங்கள், மலம் வந்ததற்கு மட்டும் பரிசு என்று வைக்காதீர்கள். உட்காருவது குழந்தையின் கையில் இருக்கிறது, வருவது இல்லை. கழிப்பறைப் பழக்கம் இன்னும் வராத குழந்தைக்கு வலி இருக்கும்வரை அந்தப் பயிற்சியையே தள்ளிவையுங்கள். டயப்பரில்தான் போவேன் என்று அடம்பிடித்தால், இப்போதைக்கு டயப்பரிலேயே போகட்டும். அடக்காமல் போவது முதலில், எங்கே போகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம்.

வெடிப்பு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பளவு 10 நிமிடம் உட்காரவைப்பது வலியைக் குறைத்துத் தசையைத் தளர்த்தும். போனபின் துணியாலோ காகிதத்தாலோ தேய்க்காமல் தண்ணீரால் கழுவி ஒற்றி எடுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம் தடவலாம்.

உணவும் தண்ணீரும்

உணவு முக்கியம்தான், ஆனால் சுழற்சிக்குள் சிக்கிய குழந்தையை உணவு மட்டும் வெளியே கொண்டுவராது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘காய்கறி சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று சொல்லிச் சொல்லியே பல குழந்தைகளுக்கு மாதங்கள் வீணாகின்றன.

நார்ச்சத்துக்கு எளிய கணக்கு, குழந்தையின் வயதோடு 5-ஐக் கூட்டினால் வருகிற கிராம். 4 வயதுக் குழந்தைக்கு 9 கிராம். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் சுமார் 4 கிராம், ஒரு பேரிக்காயில் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல், வேகவைத்த பருப்பு அரைக் கோப்பையில் 7 கிராமுக்கு மேல் இருக்கிறது. ஆக, அந்த அளவை எட்டுவது கஷ்டமில்லை. அதற்கு மேல் நார்ப்பொடிகளைச் சேர்ப்பதால் குழந்தைகளுக்குக் கூடுதல் நன்மை இருப்பதாகத் தெரியவில்லை. போதிய தண்ணீர் குடிக்காமல் நார்ப்பொடி எடுத்தால் அடைப்பே கூடலாம். பேரிக்காய், ஆப்பிள், உலர்ந்த பிளம் ஆகியவற்றில் இருக்கும் சார்பிட்டால் என்ற சர்க்கரை முழுதாகச் செரிக்காமல் குடலில் தண்ணீரை இழுக்கும். லேசான மலச்சிக்கலுக்கு அவை நன்றாக உதவுகின்றன.

தண்ணீரும் அப்படித்தான். குறைவாகக் குடிக்கிற குழந்தைக்குக் கூட்ட வேண்டும். உணவு, பால் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 1 முதல் 3 வயது வரை சுமார் 1.3 லிட்டர், 4 முதல் 8 வயது வரை சுமார் 1.7 லிட்டர் திரவம் போக வேண்டும். அதற்கு மேல் வற்புறுத்திக் குடிக்கவைத்தால் சிறுநீர்தான் கூடும்.

பாலைக் கவனியுங்கள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் குடிக்கும் குழந்தைக்குப் பசி எடுக்காது, பழமும் பருப்பும் காயும் உள்ளே போகாது. மருந்தை ஒழுங்காகக் கொடுத்தும் பலன் இல்லாத சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமை காரணமாக இருக்கலாம். மருத்துவர் சொன்னால் 2 முதல் 4 வாரம் பாலும் பால் பொருள்களும் முழுதாக நிறுத்திப் பார்க்கலாம். நீங்களாகவே மாதக்கணக்கில் நிறுத்திவிடாதீர்கள், கால்சியமும் புரதமும் குறைந்துவிடும்.

ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு

6 மாதத்துக்கு முன் மலம் கெட்டியாக இருந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். திட உணவு தொடங்கியபின் என்றால், வேகவைத்து மசித்த பேரிக்காய் அல்லது உலர்ந்த பிளம் இரண்டு மூன்று தேக்கரண்டி கொடுக்கலாம், உணவோடு சில வாய் தண்ணீர் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு முன் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த பாட்டுலிசம் நோயின் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான். திடீரென மலச்சிக்கலோடு பால் உறிஞ்சும் வலு குறைந்து, அழுகை மெலிந்து, கழுத்து துவண்டால் அவசரமாக மருத்துவமனைக்குப் போங்கள்.

எந்த வயதிலும் ஆசனவாயில் சோப்புத் துண்டு, விரல், வெப்பமானி எதையும் நுழைக்க வேண்டாம். சோப்பு அந்த மென்மையான தோலை எரிக்கும். கனிம எண்ணெயை (லிக்விட் பாரஃபின்) ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ, விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைக்கோ வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. விளக்கெண்ணெய் போன்ற கடும் பேதி மருந்துகள் ஒருநாள் வயிற்றைக் கலக்கிவிட்டு, மறுநாளே பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மாதக்கணக்கான மென்மைதான் இங்கே வேண்டியது.

எப்போது நிறுத்துவது?

குறைந்தது 2 மாதம் பராமரிப்பு மருந்து வேண்டும். அதோடு எல்லா அறிகுறிகளும் நின்று ஒரு மாதமாவது கழிந்திருக்க வேண்டும். கழிப்பறைப் பழக்கம் நடந்துகொண்டிருந்தால் அது முழுதாக வந்தபின்தான் மருந்தைக் குறைக்க வேண்டும். நீண்ட நாள் பிரச்சினை உள்ள குழந்தைகளுக்கு 6 மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆவதுண்டு. நிபுணரிடம் வந்துசேரும் குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப்பேர்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் மருந்தில்லாமல் சரியாகிறார்கள். இது தோல்வி இல்லை, பெரிதான மலக்குடல் சுருங்க எடுத்துக்கொள்ளும் நேரம்.

குறைக்கும்போது சில வாரங்களாகப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாக. அளவில் கால் பங்கைக் குறைத்து இரண்டு வாரம் பாருங்கள், மலம் நான்காம் வகையிலேயே இருந்தால் அடுத்த கால் பங்கு. இடையில் கெட்டியானாலோ, பழைய விரைப்பும் ஒளிதலும் திரும்பினாலோ முந்தைய அளவுக்கே போய்விட்டு மருத்துவரிடம் பேசுங்கள். காய்ச்சல், பயணம், பள்ளி மாறுவது, வீட்டில் புதிய குழந்தை வருவது போன்ற நாட்களில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். மருந்து நிறுத்திய முதல் ஒரு வருடத்துக்காவது அந்தப் பொட்டலத்தையோ சிரப்பையோ வீட்டில் வைத்திருங்கள். இரண்டு நாள் போகவில்லை அல்லது ஒருமுறை வலியோடு போனது என்றால், மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த அளவை அன்றே தொடங்கிவிடுங்கள்.